மூட்டையாக வாங்காதீர்கள்: நீலகிரியின் ஊர்க் கமிட்டிகளுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஹட்டி எனும் படுகர் ஊரிலோ, எஸ்டேட் லைன் எனும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலோ படிப்பகம் திறக்க யாராவது நன்கொடை தந்தால், எங்கள் புத்தகக் கடைக்கு வருகிற முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான்: “இருபதாயிரத்துக்குப் புத்தகம் போட்டுக் குடுங்க.” யார் படிக்கப் போகிறார்கள் என்ற பேச்சே எழாது. இப்படிக் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் கை முதலில் போவது விற்காமல் தங்கிய சரக்கின் பக்கம்தான். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். புத்தகக் காட்சியில் வழக்கமான விலைத் தள்ளுபடி 10 விழுக்காடு. பாதி விலைக்கு ஒரு பட்டியல் வந்தால், பொது அறிவுத் துணுக்குகளும் காலாவதியான தேர்வு வழிகாட்டிகளும் எத்தனை இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 300 புத்தகம் வேண்டாம், 60 போதும். அந்த 60ஐயும் ஆளைப் பார்த்து வாங்குங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பை அளவாக வைக்காதீர்கள். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்திருக்கிறார்களே, அதுதான் சரியான அளவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இன்னும் ‘நுழை’யில் இருக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் வீட்டில் பணியர் மொழி பேசுகிற பிள்ளைக்குத் தமிழே பள்ளியில் கற்கிற மொழி. அங்கே முதல் பத்துப் புத்தகம் எழுத்தே இல்லாத படக்கதையாக இருக்கட்டும். பிள்ளை தன் மொழியிலேயே கதை சொல்லும். அடுத்து தூலிகா வெளியிடுகிற இருமொழிப் படக்கதைகள்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி ரயில் பெட்டிகளில் நடக்கும் வேறொரு பள்ளியில் சேர்கிற கதை. ஊட்டி ரயிலை அன்றாடம் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்த வகுப்பறை சட்டென்று பிடித்துப்போகும். கூடவே க்ரியா வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேடு ஒன்று. அதை அலமாரிக்குள் வைக்காமல், நூல் கட்டி ஜன்னலோரம் தொங்கவிடுங்கள். தேயிலைச் செடிமேல் உட்காரும் செம்மீசைச் சின்னானைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், பெயர்தான் தெரியாது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மிகச் சிறிய புத்தகம், விலையும் குறைவு என்பதால் பலரும் கட்டுக்கட்டாக வாங்கி ஆறாம் வகுப்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் முடிவு கனமானது. ஆசிரியர் அறைக்கு 5 பிரதி வாங்குங்கள். அவர்கள் படித்த பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போகட்டும்.

எல்லா வயதுக்கும் ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால் எங்கள் விடை ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை மையமாக வைத்த கதை. குடித்துவிட்டுக் காட்டில் உடைத்துப்போடும் பீர் பாட்டிலின் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லும் பக்கங்களை உரக்க வாசித்துக் காட்டுங்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் டாஸ்மாக் முறை 2022இல் முதலில் வந்தது இந்த மாவட்டத்தில்தான். ஏன் வந்தது என்று பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

பெரியவர்களுக்கு வருவோம். ஹட்டிகளில் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ கட்டாயம் வேண்டும். சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் தேயிலை ஏறிய காலத்தைப் படுகர் வாழ்க்கை வழியாகச் சொல்லும் நாவல். படித்துவிட்டு, “எங்க வழக்கம் இப்படி இல்லையே” என்று சண்டைக்கு வருகிற தாத்தாக்கள் இருப்பார்கள். வரட்டும், படிப்பகத்துக்கு அதைவிட நல்ல காரியம் ஏது? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருக்கும் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளுக்குக் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. எஸ்டேட் லைன்களுக்கு, பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’. கதை நடப்பது ஆனைமலையில். ஆனால் ஆள் பிடிக்கும் மேஸ்திரி, முன்பணம், காய்ச்சல் என்று வரும் ஒவ்வொன்றும் இங்கத்திய லைன்களுக்கும் அந்நியமல்ல. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யை ஊர்ப் படிப்பகத்தில் வையுங்கள், பள்ளி அலமாரியில் வேண்டாம். சித்திரவதை நேரடியாக வருகிறது.

‘பொன்னியின் செல்வன்’ கேட்காத ஊர் இல்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்பதால் பதிப்புகள் ஏராளம். ஒரே தடிப் புத்தகமாக வருவதை வாங்காதீர்கள்: எழுத்து பொடி, முதுகு சீக்கிரம் பிளக்கும். ஐந்து பாகமாக வாங்கி, முதல் பாகத்தை மட்டும் 2 பிரதி எடுங்கள். வெளியே போய்த் திரும்பாமல் போவது அதுதான். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 14 பாயிண்ட் எழுத்துக்குக் குறையக் கூடாது. மூடுபனி நாளில் நாற்பது வாட் பல்புக்குக் கீழே வேறெதுவும் தெரியாது.

வாங்கியதைக் காப்பாற்றுவதுதான் மலையில் பாதி வேலை. மூடிய இரும்பு பீரோ வேண்டாம். இரவில் தகரம் குளிர்ந்துபோகும், காலையில் அறைக் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும், பின்வரிசைப் புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கும். திறந்த மர அலமாரி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி. புத்தகங்களை இறுக்கி அடுக்காமல், ஒரு விரல் நுழைகிற இடம் விடுங்கள். வேப்பிலை பூச்சிக்குச் சரி. பூஞ்சணத்துக்கு மருந்து காற்றோட்டம் மட்டுமே. கூடலூர்ப் பக்கம் ஜூனுக்கு முன்பும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபருக்கு முன்பும் எல்லாவற்றையும் இறக்கி, நிழலில் விசிறிக் காற்றில் ஒரு நாள் விரித்து வையுங்கள். வெயிலில் போட்டால் தாள் மஞ்சளாகும். வழவழப்பான ஆர்ட் தாள் படக்கதை நனைந்தால், காய்வதற்குள் பக்கத்துக்குப் பக்கம் வெறும் தாள் செருகிப் பிரியுங்கள். காய்ந்த பிறகு பிரித்தால் படம் உரிந்து வரும். ஜனவரி உறைபனிக் காலையில் பசை பைண்டிங் புத்தகத்தை முழுசாக விரிக்காதீர்கள். குளிரில் பசை விறைத்திருக்கும், முதுகு படக்கென்று முறியும்.

கடைசியாக ஒன்று. புத்தகம் வந்ததும் படிப்பக ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் பக்க எண்களைப் புரட்டுங்கள். 32க்கு அடுத்து 49 வந்தால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டு) ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஸ்டாம்ப் படாத பிரதி என்றால் மாற்றித் தர முடியும். பட்டபின் பதிப்பகம் வாங்காது, நாங்களும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து சில புத்தகக் கடைக்காரர்கள்