குகனுக்கு, அந்தக் கேம் செவனுக்குப் பிறகு

மச்சான் குகன்,

கோவிக்காதை. ஏப்ரல்ல நீ போட்ட மெசேஜுக்கு செப்ரெம்பர்ல பதில் எழுதிறன், பிழை முழுக்க என்னிலதான். மனிசி சுகம், அம்மான்ர முழங்கால் பரவாயில்லை, சிவா அண்ணை இப்பவும் அந்தப் பழைய கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறார். போனில சொல்லியிருக்கலாம்தான், ஆனா நீ இடையில பூந்து கதைப்பாய், நானும் வேற எங்கையோ போயிடுவன், அதாலதான் இருந்து எழுதிறன்.

2025 மே 18 நானும் மகன் ஆதியும், எங்கட ரொறொன்ரோ லீஃப்ஸ் ஃபுளோரிடாவோட விளையாடின ஐஸ் ஹொக்கி பிளேஓஃப் சீரிஸின்ர கேம் செவனுக்கு, அதான் அந்தக் கடைசி ஏழாவது கேமுக்கு, போனனாங்கள். ஓம், உள்ளுக்கதான். உனக்கு முதலே சொல்லேல்லை, சொல்லியிருந்தா தோத்தது உன்ர கண்பட்டுத்தான் எண்டு நான் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருப்பன். 2021 சீரிஸில 3-1 எண்டு முன்னுக்கு நிண்டு உங்கட மொன்றியலிட்ட தோத்த இரவு நீ போன் எடுத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது இன்னும் காதுக்கதான் நிக்குது.

உனக்குத் தெரியும் அந்த சீரிஸ். முதல் கேமிலயே அவங்கட பெனட்டின்ர முழங்கை பட்டு எங்கட கோல் கீப்பர் ஸ்ரோலார்ஸ் பெஞ்சில இருந்து சத்தி எடுத்து, பேந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை, அதுக்கு ஒரு பெனால்ட்டிகூட இல்லை. அப்பிடியிருந்தும் முதல் ரெண்டு கேமையும் வெண்டு 2-0 எண்டு முன்னுக்குப் போனம். பிறகு ஃபுளோரிடா எழும்பி வந்த மாதிரி ஒரு ரீம் எழும்பி வந்ததை நான் காணேல்லை, அஞ்சாவது கேம் எங்கட வீட்டிலயே, எங்கட அரீனாவில, 6-1 எண்டு தோத்தம். ஆறாவதில நாங்கள் அங்க போய் 2-0 எண்டு வெண்டு திரும்பி வந்தம். ஏழாவதும் எங்கட வீட்டிலதான். ரெண்டாவது பீரியட் முடிய அவங்கள் 3-0. மூண்டாவது தொடங்கின கையோட எங்கட டோமி ஒரு கோல் போட, ஆதி என்ர தோளைப் பிடிச்சு உலுப்பினான் பார், தோள்மூட்டு கழண்டுபோற மாதிரி. ஒரு நிமிசம்கூட ஆகேல்லை, அவங்கள் திருப்பிப் போட்டிட்டாங்கள். திரும்பவும் 6-1.

அப்பதான் தொடங்கினது. எங்களுக்கு ரெண்டு வரிசை முன்னுக்கு ஒரு மனிசன், நாப்பது வயசு இருக்கும், ஜேர்சியைக் கழட்டேக்க அது கழுத்தில மாட்டுப்பட்டு முகத்தில இருந்த கண்ணாடி கழண்டு விழுந்திட்டுது, அவன் அதைக் குனிஞ்சுகூடப் பாக்கேல்லை, ஜேர்சியைச் சுருட்டி ஐஸுக்குள்ள எறியிறதிலதான் குறியா நிண்டான். அங்கால ஒராள் பியரை ஊத்திறான். கெட்ட வார்த்தையெண்டா சொல்லி வேலையில்லை, சின்னப் பிள்ளையள் இருக்கினம் எண்ட நினைப்பே ஒருத்தருக்கும் இல்லை. திரும்பிப் பாக்கிறன், ஆதி தன்ர ஜேர்சியைத் தலைக்கு மேலால இழுக்கிறான். பதினாறாம் நம்பர், எங்கட ரீமில விளையாடின மார்னர். போன பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது. கையைப் பிடிச்சிட்டன். "எல்லாரும் எறியினம் அப்பா" எண்டான். நான் ஒண்டும் சொல்லேல்லை, விடவும் இல்லை. கடைசி வரைக்கும் இருந்து ரெண்டு ரீமும் வரிசையில நிண்டு கைகுடுத்ததையும் பாத்திட்டுத்தான் வெளிக்கிட்டம். ட்ரெயின்ல வீட்டை வாறவரைக்கும் அவன் அதை உள்பக்கம் வெளியாப் புரட்டி மடியில வச்சிருந்தான்.

அதோட முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான். இல்லை மச்சான்.

மார்னர் வேகாஸ் ரீமுக்குப் போயிட்டான், தெரியும்தானே. இப்ப ட்ரெயினிங் காம்ப் தொடங்கேக்க அவன் சொன்னதைப் பாத்தனியோ? கேம் செவனுக்குப் பிறகு வீட்டைக் காக்க செக்யூரிட்டி வைக்க வேண்டி வந்ததாம், ஆரோ வீட்டு இடத்தை ஒன்லைன்ல போட்டிருக்கிறாங்கள். கைப்பிள்ளை இருக்கிற வீடு. மார்க்கம்ல பிறந்த பெடியன், சின்னனில இருந்து லீஃப்ஸ் ரசிகன், ஒன்பது சீசன் விளையாடினவன், கடைசி சீசன்ல மட்டும் கோலும் அசிஸ்ரும் சேர்த்து 102 பொயின்ற். சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க நான் இதை மனிசிக்குச் சொல்லுறன், ஆதி கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போயிட்டான். பிறகு பதினொரு மணிபோல என்ர அறை வாசல்ல வந்து நிண்டு, "அப்பா, அண்டைக்கு இரவு நானும் எழுதினனான்" எண்டான்.

போனைக் காட்டினான். மார்னரின்ர படத்துக்குக் கீழ. நான் அதை இங்க எழுத மாட்டன், அவன்ர மனிசியையும் இழுத்து எழுதியிருக்கிறான். பதினாலு வயசுப் பிள்ளை. எங்கட வீட்டில ஆர் மச்சான் அப்பிடிக் கதைக்கிறது?

அடிக்கேல்லை, ஏசவும் இல்லை. கை நடுங்கினது எனக்குத்தான். ஏனெண்டா 2022-ல நடந்தது ஞாபகம் வந்திட்டுது. கத்ரி கொலராடோவுக்கு விளையாடேக்க சென் லூயிஸ் கோல் கீப்பரோட மோதி, அந்தாள் அடிபட்டுப் போக, கத்ரிக்கு கொலை மிரட்டலும் இனத்தைச் சொல்லித் திட்டுமா வந்து குவிஞ்சுதே, அரீனாவுக்குப் பொலிஸ் காவல் போட்டவை. அடுத்த கேம் அதே ஊருக்குள்ள போய் மூண்டு கோல் போட்டான். லீஃப்ஸுக்கு அடங்காதவன் எண்டு நாங்கள் அனுப்பிவிட்ட ஆள், அந்த வருசம் பெருவிரல் உடைஞ்சு ஒப்பரேசன் செய்த கையோட பைனலுக்கு வந்து ஓவர்ரைம் கோலும் போட்டு, ஸ்ரான்லி கப்பை லண்டன் ஒன்ராரியோவில தங்கட பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனவன். அண்டைக்கு ஆதிக்கு பதினொரு வயசு, அந்த மெசேஜுகளை நியூஸ்ல வாசிச்சுப்போட்டு "இப்பிடி எழுதிற ஆக்கள் ஆரப்பா?" எண்டு கேட்டவன். அதே பிள்ளைதான் இது.

யோசிச்சுப் பாத்தா எனக்கும் இதில பங்கு இருக்கு. சின்னனில இருந்து அவனுக்கு நான் சொல்லி வளர்த்த கதையள் எல்லாம் என்ன? 1964-ல லீஃப்ஸ் வீரர் பொப் போன் கால் எலும்பு முறிஞ்சும் திரும்பி வந்து டெற்றோயிட்டுக்கு எதிரா ஓவர்ரைம் கோல் போட்டது. 2013-ல பொஸ்ரன் ரீமின்ர காம்பெல் மால்கினின்ர ஷொட்டை மறிச்சு கால் முறிஞ்சு, ஒராள் குறைவா நிண்டு தடுக்கிற அந்தப் பெனால்ட்டி கில் முடியுமட்டும் ஒற்றைக்காலில இழுத்து இழுத்து நிண்டது. அதே வருசம் அதே ரீமின்ர பேர்ஜரோன் விலா முறிஞ்சு நுரையீரல்ல ஓட்டையோட பைனல் விளையாடினது. ஃபுளோரிடாவின்ர ரக்காச்சுக் நெஞ்செலும்பு உடைஞ்சும் இறங்கினது. இதுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, எலும்பு உடையாதவன் எல்லாம் சொஃப்ட் எண்டு நானே அவன்ர மண்டைக்க ஏத்திப்போட்டன். மார்னர் கேம் செவன்ல பெஞ்சில நிண்டு "எழும்புங்கோடா" எண்டு தன்ர ஆக்களைப் பாத்துக் கத்தினான், ரீவியில எல்லாரும் பாத்தது, அதையும் இவங்கள் பகிடிதான் பண்ணினவங்கள்.

ஃபுளோரிடாவை நல்லா கவனிச்சனியோ? இடிக்கிறாங்கள்தான், அதில சந்தேகமில்லை. ஆனா என்னைப் பயப்படுத்தினது அதில்லை. சீரிஸில 0-2 எண்டு நிக்கேக்கயும் அவங்கட முகம் மாறேல்லை, ஏழாவது கேமில 3-0 எண்டு முன்னுக்கு நிக்கேக்கயும் அதே பாஸ், அதே இடத்தில அதே ஆள். எங்கட பெடியள் ஒரு பாஸ் பிழைச்ச உடன அரீனா முழுக்க ஊ எண்டுது, அடுத்த பாஸுக்குக் கை இறுகுது, அதுவும் பிழைக்குது. நான் உள்ளுக்க இருந்து பாத்தனான், பக், அந்த ரப்பர் தட்டு, வரேக்க தடியை இறுக்கிப் பிடிக்கிறது அங்கயிருந்தே தெரியும். அவங்கட மார்ஷன்ட் அஞ்சு கேம் செவன்ல எங்களை வெண்ட மனிசன், அவனே முடிஞ்ச பிறகு இந்தச் சனத்தின்ர பாரத்தைப் பற்றித்தான் கதைச்சான். எதிரி சொல்லி எங்களுக்கு விளங்க வேண்டியிருக்கு.

உங்கட ஆக்கள் மட்டும் திறம் எண்டு நினையாதை. 1993-ல கப் வெண்ட இரவிலயே கடையளை உடைச்ச ஊர் அது. ஆனா ஒண்டை ஒத்துக்கொள்ளுறன். 1955-ல உங்கட ரீமின்ர றிஷார்டை பிளேஓஃப் முழுக்க நிப்பாட்ட, சனம் கொந்தளிச்சு சென் கத்ரீன் வீதியை அடிச்சு நொருக்கினதே, அடுத்த நாள் அந்த மனிசனே ரேடியோவில வந்து, காணும் நிப்பாட்டுங்கோ, நான் என்ர தண்டனையை ஏற்கிறன், அடுத்த வருசம் வந்து கப்பை எடுப்பம் எண்டான். எடுத்தவங்கள், தொடர்ந்து அஞ்சு வருசம். இந்தக் கதையை நீ எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பாய், நான் ஆதிக்கு ஒருக்காலும் சொல்லேல்லை. நேற்றுத்தான் சொன்னனான்.

எழுதினதை அழிச்சிட்டான். அழிச்சாப் போதுமோ எண்டு கேக்கிறான், எனக்குப் பதில் தெரியேல்லை.

அதால ஒரு உதவி. நத்தாருக்கு நீங்கள் வரேக்க உன்ர மகள் மதுவை அவனோட கதைக்கச் சொல்லு. நான் அங்க வந்து நிண்டபோது அவள் எட்டுக் கோல் விட்ட அந்த மட்ச் எனக்கு மறக்கேல்லை. மற்றப் பக்கத்துத் தகப்பன்மார் கண்ணாடியில தட்டித் தட்டி அவளைப் பகிடி பண்ணினவங்கள், பன்ரெண்டு வயசு. அவள் முடிய மாஸ்கைத் தூக்கி, வேர்வையோட ஒட்டியிருந்த தலைமயிரைத் தள்ளிப்போட்டு, வரிசையில நிண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகுடுத்திட்டுத்தான் உள்ள போனவள். காருக்குள்ள ஏறின பிறகுதான் அழுதவள், அதுவும் நாங்கள் பாக்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அந்தத் தட்டின சத்தம் வலைக்கு முன்னால நிண்ட பிள்ளைக்கு எப்பிடிக் கேட்டது எண்டு அவள் வாயால சொன்னா ஆதிக்கு ஏறும். நான் சொன்னா அப்பா சொல்லுறார் எண்டு போயிடும்.

ஜேர்சி இன்னும் அலுமாரிக்க கீழ் தட்டில உள்பக்கம் வெளியாத்தான் கிடக்கு. மனிசி தோய்ச்சு வைக்கட்டோ எண்டு கேட்டவ, அவன் வேண்டாம், தானே தோய்ப்பன் எண்டிட்டான்.

வரேக்க அந்த சென் விய்யெத்தேர் பேகல் ரெண்டு டசின் கொண்டு வா, போனமுறை மாதிரி வழியில பாதியை முடிச்சுப்போட்டு வராதை.

சிறி
ஸ்காபரோ