ஓடுகிறவனைப் பற்றிய கதைதான் அது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் பூமிமேல் படையெடுத்து வருகிற 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். 1953-ல் ஜார்ஜ் பால் தயாரித்து பைரன் ஹாஸ்கின் இயக்கிய படத்தில் உயிர் இருக்கிறதாம், 2005-ல் ஸ்பீல்பெர்க் எடுத்ததில் வெறும் கிராஃபிக்ஸ்தானாம். சரி, அது அவரவர் ருசி. ஆனால் புதிய படத்தின் கதாநாயகன் "கடைசிவரை ஓடுகிறானே தவிர ஒன்றும் செய்யவில்லை" என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் குளச்சல்காரன். புதிய படம் 2005 ஜூன் கடைசியில் வந்தது, சுனாமி அடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கொட்டில்பாட்டில் பின்னால் கடலும் முன்னால் ஏ.வி.எம். கால்வாயுமாக மாட்டிக்கொண்டவர்களின் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், மணக்குடியில் பாலமே போய்விட்டது. அந்த நேரத்தில் என்னை நாகர்கோவிலுக்குப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர் அத்தான். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், டாம் குரூஸும் படத்தில் கிரேன் ஓட்டுகிறவர்தான் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார், அதனால் வந்த ஆசை. முதல் காட்சியில் மேலாளர் இன்னொரு ஷிப்ட் பார்க்கச் சொல்ல, யூனியன் விதி இடம் கொடுக்காது என்று டாம் குரூஸ் நடையைக் கட்டுவதைப் பார்த்து அத்தான் விசிலடித்தார். அப்புறம் விசில் இல்லை. டாம் குரூஸின் மகள், அந்தச் சின்னப் பிள்ளை, தனியாக ஆற்றங்கரைக்குப் போகிறாள், தண்ணீரில் ஒரு பிணம் மிதந்து வருகிறது, பிறகு இன்னொன்று, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். இடைவேளையில் கேட்டால், டீ குடிக்கப் போனேன் என்றார்.

அது 2001-ல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்ததை நினைத்து எடுத்த படம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இருக்கலாம். கதாநாயகன் முகமெல்லாம் சாம்பல் படிந்து வீட்டுக்கு வருகிறான், காணாமல் போனவர்களின் படங்களைச் சுவர் நிறைய ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவரைப் பார்க்க எங்களுக்கு நியூயார்க் தேவைப்படவில்லை.

இனி நாவலுக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையாளர் நாவலைப் புரட்டிப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. 1898-ல் புத்தகமாக வந்த எச்.ஜி. வெல்ஸின் நாவலில் கதை சொல்கிறவனும் ஓடத்தான் செய்கிறான், ஒளியத்தான் செய்கிறான். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. செவ்வாய்க்காரர்கள் வந்து இறங்கியதும் மனைவியைக் கூட்டிக்கொண்டு தப்பிக்க, 'ஸ்பாட்டட் டாக்' என்ற விடுதிக்காரனிடம் போய் ஒரு குதிரை வண்டியை வாடகைக்கு எடுக்கிறான். இரண்டு பவுன் தருகிறேன், நடுராத்திரிக்குள் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்கிறான். ஆபத்து எவ்வளவு பக்கத்தில் என்று இவனுக்குத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியாது. வண்டியைத் திருப்பிக் கொண்டு வருகிற ராத்திரி, இடி மின்னலுக்கு நடுவில் காலில் ஒரு பிணம் தட்டுகிறது, மின்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அந்த விடுதிக்காரன். வெல்ஸ் இதை இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நான் அந்தப் பக்கத்தைத் தாண்ட அரைமணி நேரம் ஆனது.

ஸ்பீல்பெர்க் படத்தில் இதே இடம் இருக்கிறது. ஊரில் ஓடுகிற வண்டி ஒன்றே ஒன்றுதான், மெக்கானிக்கின் ஷெட்டில் நிற்கிறது. டாம் குரூஸ் அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, நீயும் ஏறு என்று மெக்கானிக்கைக் கெஞ்சுகிறான், அவனுக்கு விளங்கவில்லை, அடுத்த நிமிடம் அவன் இல்லை. குதிரை வண்டி வேனாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பதுங்கியிருக்கும் இடத்தில் கத்திக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று பயந்து கூட இருப்பவனையே தாக்குகிற கொடுமையும் அப்படித்தான். நாவலில் அது ஒரு பாதிரியார், இறைச்சி வெட்டும் கத்தியின் பின்பக்கத்தால் ஓர் அடி. படத்தில் அது டிம் ராபின்ஸ் நடித்த ஆள், மூடிய கதவுக்குப் பின்னால், வெளியே அந்தப் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறாள். பழைய படத்தில் இது எதுவும் இல்லை. அங்கே கதாநாயகன் பெரிய விஞ்ஞானி, கையில் ரத்தக்கறை படாத ஆள்.

பழைய படத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. செவ்வாய்க்காரர்களின் அந்தச் செம்பு நிறக் கலங்களும், நீண்ட கழுத்து வைத்து எட்டிப்பார்க்கிற கதிர் வீச்சும், கம்பியில் தொங்குவது தெரிந்தால்கூட இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கின்றன (நான் பார்த்த பிரதியில் கம்பி நன்றாகவே தெரிந்தது). அணுகுண்டு போடுகிறார்கள், புகை அடங்கினால் கலங்கள் கீறல்கூட இல்லாமல் வருகின்றன. ஹிரோஷிமா முடிந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது, அன்றைய சனங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்து ஜெபம் சொல்லியபடியே கலத்தை நோக்கி நடக்கிற பாதிரியாரை எங்கள் அம்மை இன்றைக்கும் மறக்கவில்லை. நாவலில் வருகிற பாதிரியார் புலம்பிப் புலம்பியே புத்தி கலங்கிப்போகிறவர் என்று சொன்னேன், நம்பவில்லை. ஆனால் முடிவில் கடவுளைக் கொண்டுவந்தது சினிமாக்காரர்கள் வேலை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது தப்பு. மனிதனின் ஆயுதமெல்லாம் தோற்ற பிறகு, கடவுள் இந்தப் பூமியில் வைத்த மிக அற்பமான உயிர்கள், அதாவது கிருமிகள், செவ்வாய்க்காரர்களைக் கொன்றன என்று வெல்ஸே எழுதியிருக்கிறார்.

இரண்டு படமும் கைவிட்டது எது என்று கேட்டால் நான் டாஸ்மேனியாவைச் சொல்வேன். ஐரோப்பியர்கள் குடியேறி ஐம்பது வருஷத்தில் அந்தத் தீவின் மக்களை அழித்தார்கள், அப்படிச் செய்த நாம் செவ்வாய்க்காரர்களைக் குறை சொல்ல முடியுமா என்று வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே கேட்டுவிடுகிறார், அதுவும் லண்டன் உலகத்தையே ஆண்ட காலத்தில். யோசனை தன் அண்ணன் ஃபிராங்க்குடையது என்று சமர்ப்பணத்திலேயே எழுதியிருக்கிறார். 1741-ல் எங்கள் ஊரில் திருவிதாங்கூர் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் வெற்றித் தூணைத் தினமும் தாண்டிப் போகிற என்னைப் போன்ற ஒருத்தனுக்கு அந்தக் கேள்விதான் நாவலின் உயிர். ஹாலிவுட் அதை எடுத்துவிட்டு, ஒரு பாவமும் அறியாத அமெரிக்கர்கள் மேல் யாரோ வந்து விழுந்த மாதிரி ஆக்கிவிட்டது. ஸ்பீல்பெர்க் மட்டும் கொஞ்சம் கண்ணடித்திருக்கிறார். டாம் குரூஸின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கட்டுரை பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்து வைத்திருந்ததைப் பற்றியது. ஆக்கிரமிப்பு எப்போதும் தோற்கும் என்று டிம் ராபின்ஸ் ஒரு வசனமும் பேசுகிறார், ஈராக்கில் அமெரிக்கப் படை நின்றுகொண்டிருந்த வருஷத்தில்.

புதிய படத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்லவரவில்லை. எந்திரங்களை எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் புதைத்துவைத்துவிட்டுப் போனவர்களுக்கு இங்கே கிருமி இருக்கிறதென்று தெரியாமலா இருந்தது? நெருப்புக்குள் ஓடிய மகன் கடைசியில் பாஸ்டனில் சட்டை கசங்காமல் நிற்பதைப் பார்த்து தியேட்டரே சிரித்தது. ஆனால் நாவலிலும் செத்துவிட்டாள் என்று நினைத்த மனைவி திரும்ப வந்து நிற்கிறாள், ஆகையால் அந்தப் பழியை வெல்ஸும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒரு திருத்தம், முடிந்தால் அடுத்த வாரம் போடுங்கள். பழைய படம் கறுப்பு வெள்ளை இல்லை, கலர் படம், டெக்னிகலர். அதில் ஜோடியாக நடித்த ஜீன் பேரியும் ஆன் ராபின்சனும்தான் புதிய படத்தின் கடைசியில் பாஸ்டன் வீட்டு வாசலில் தாத்தா பாட்டியாக வந்து நிற்கிறார்கள். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படத்தில்கூட அவர்கள் இருவரும் இருக்கிறார்கள், பெயர்தான் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்