மூன்று கிலோ துப்பாக்கி போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் எடை குறைந்த வேட்டைத் துப்பாக்கி பற்றி எழுதியவர், சொல்லிச் செய்ததுதான் துப்பாக்கி, கம்பெனியில் வருவதெல்லாம் சும்மா என்கிற மாதிரி எழுதியிருந்தார். நானும் அப்படி நினைத்தவன்தான். உடுமலைக்காரனுக்கு வேறெப்படித் தோன்றும், ரேக்ளா வண்டியைக் கடையிலா வாங்குகிறோம், ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் இழை, இன்னும் கொஞ்சம் இழை என்று எடையைக் குறைத்து வாங்குகிற ஊர் இது.

அக்கா மகன் கொலராடோவில் இருக்கிறான். லைசென்ஸ் எடுத்து எல்க் மான் வேட்டைக்குப் போவான் (இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அந்தப் பேச்சு முடிந்தது, காட்டுப்பன்றி சோளத்தை உழுதுவிட்டுப் போனாலும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறோம்). நான் அங்கே இருந்தபோது ஒரு நாள் கூடப் போனேன். பத்தாயிரம் அடி உயரம், வெறுங்கையோடு ஏறிய எனக்கே நாக்குத் தள்ளியது. அவன் தோளில் பின்லாந்தில் செய்த டிக்கா லைட் என்கிற கம்பெனித் துப்பாக்கி, ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கி) இல்லாமல் மூன்று கிலோவுக்குள், விலை ஆயிரம் டாலர் பக்கம். கூட வந்த நண்பருடையது குழல் ஒருவரிடம், தோளில் அணைக்கிற கட்டை இன்னொருவரிடம் என்று சொல்லி வைத்து மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது, ஐயாயிரம் டாலருக்கு மேல். டிக்காவைவிட எடை குறைவு வெறும் முந்நூறு கிராம்! பாதி வழியில் பாட்டில் தண்ணீரைக் குடித்ததிலேயே அதைவிட அதிகம் குறைந்துவிட்டது.

1985 வாக்கில் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்கிற துப்பாக்கி செய்பவர் கெவ்லார் (எடை குறைந்த, உறுதியான செயற்கை இழை) கட்டை போட்டு இரண்டேகால் கிலோ சுமாரில் துப்பாக்கி செய்தபோது அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பிறகு கிம்பர் கம்பெனியின் மவுண்டன் அசென்ட் துப்பாக்கி அதே எடைக்குக் கடைக்கே வந்துவிட்டது.

மெல்லிய குழல் நாலைந்து குண்டு தொடர்ந்து போனால் சூடாகிக் குறி விலகும், எடை குறைந்தால் தோளில் உதையும் கூடும். சரி, ஆனால் காசு கூடக் கொடுத்தால் மட்டும் உதை குறைந்துவிடுமா என்ன? வேட்டையில் ஆறிய குழலிலிருந்து போகிற முதல் குண்டுதான் கணக்கு, அதற்கு டிக்கா தாராளம்.

அந்த நண்பர் இப்போது தன் துப்பாக்கியை விற்கப் பார்க்கிறாராம். அவர் கை நீளத்துக்கு அளவெடுத்த கட்டை வாங்க வருகிறவர் தோளில் உட்கார மாட்டேன் என்கிறது, பாதி விலைக்குத்தான் கேட்கிறார்கள். கட்டுரையாளர் அடுத்த வாரம் தொடர்ந்தால் எடையையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
உடுமலைப்பேட்டை