உன் பையன் வாங்கிய ரேஸிங் ஹார்னஸ்

மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் சீட் கவர் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து கேட்டேன். போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன், மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவில் நிதானமாகப் படி. முதலில் வீட்டு விஷயம். திருப்பாதிரிப்புலியூர் போயிருந்தபோது அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை, "என் பேரனுக்கு நீதான்டா புத்தி சொல்லணும்" என்று என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டு ஒரு பை முந்திரிப் பருப்பு கொடுத்து அனுப்பினார். ஃபெஞ்சல் புயலில் விரிசல் விட்ட மாடித் தளத்தைக் கொத்தனார் பூசிவிட்டார், ஒழுகுகிறதா இல்லையா என்று அடுத்த மழையில்தான் தெரியும்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை போலோவை எடுத்துக்கொண்டு கூட்டாளியோடு கடைக்கு வந்தான். வண்டியை நன்றாகத்தான் வைத்திருக்கிறான், உன்னை மாதிரி இல்லை. டிக்கியைத் திறந்து ஆன்லைனில் வாங்கிய சிவப்பு 4 பாயிண்ட் ஹார்னஸை (தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு என நாலு பட்டை நடுவில் ஒரே பக்கிளில் சேரும் ரேஸ் பெல்ட்) எடுத்துக் காட்டினான். "அங்கிள், தோளுக்கு வர்ற பட்டை ரெண்டையும் பின் சீட் பெல்ட் போல்ட்டிலேயே மாட்டிடலாம், வீடியோவில் பார்த்தேன், நீங்க சீட்டுல ரெண்டு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க" என்றான். முடியாது என்றேன். அதற்குத்தான் உன்னிடம் கோள் சொல்லியிருக்கிறான். நீயும் "ரேஸ் காரில் அதைத்தானே போடுகிறார்கள், அப்போ சாதா பெல்ட்டைவிட அது நல்லதுதானே?" என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான்.

அவனுக்கு நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஹார்னஸைத் தற்காலிகமாக மாட்டி, முதலில் இடுப்புப் பட்டையை மட்டும் இறுக்கச் சொன்னேன். பக்கிள் தொப்புளுக்கு நாலு விரல் கீழே நின்றது, பட்டை இடுப்பெலும்பின் மேல் சரியாகப் படிந்திருந்தது. அப்புறம் தோள் பட்டைகளை இழுக்கச் சொன்னேன். அவன் இழுக்க இழுக்க பக்கிள் மேலே ஏறித் தொப்புளில் வந்து உட்கார்ந்தது, இடுப்புப் பட்டையும் அதோடு சேர்ந்து எலும்பை விட்டு வயிற்றுக்கு வந்துவிட்டது. கையால் இழுத்ததற்கே இந்த நிலை. நேருக்கு நேர் மோதினால் உடம்பு முழுக்க அந்தத் தோள் பட்டைகளில் சாயும், பட்டை இன்னும் மேலே ஏறும், இடுப்பு அதற்கு அடியில் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும், அந்த மொத்த விசையையும் எலும்புக்குப் பதிலாகக் குடலும் கல்லீரலும் மண்ணீரலும் வாங்க வேண்டியிருக்கும். ரேஸ் காரில் ஐந்தாவது பட்டையோ ஆறாவது பட்டையோ கோவணம் மாதிரி கவட்டைக்கு நடுவே வருகிறதே, அது பக்கிளைக் கீழே பிடித்து வைக்கத்தான். அதற்கு சீட்டின் அடியிலேயே வழி விட்டுச் செய்த பக்கெட் சீட் வேண்டும், போலோவின் சீட்டில் அது கிடையாது.

நான்கு பட்டையிலேயே நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பையன் கூகுள் செய்து உன்னிடம் காட்டுவான். ஜெர்மனியின் ஷ்ராத் கம்பெனி ஒரு வகை செய்கிறது. அதில் ஒரு தோள் பட்டையை மடித்துத் தைத்திருப்பார்கள், மோதும்போது அந்தத் தையல் பிரிந்து ஒரு தோள் மட்டும் கொஞ்சம் முன்னே போகும், உடம்பு லேசாகத் திரும்புவதால் இடுப்பு வழுக்காது. நம் சாதா பெல்ட்டிலும் ஒரு தோள்தானே கட்டப்பட்டிருக்கிறது, அதே வேலைதான். அதையும் எந்தக் காரில் எப்படி மாட்ட வேண்டும் என்று சோதித்துத்தான் விற்கிறார்கள். உன் பையன் கொண்டுவந்தது அது இல்லை. லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரச்சான்று பெற்ற பெல்ட் என்றால் ஒவ்வொரு பட்டையிலும் தர எண்ணும், எந்த வருடத்தோடு காலாவதி ஆகிறது என்பதும் இருக்கும். இதில் கம்பெனி பெயரைப் பெரிதாக எம்ப்ராய்டரி போட்டிருக்கிறார்களே தவிர வேறு ஒன்றும் இல்லை. தையலைப் பார், நான் சீட் கவருக்குப் போடும் தையல் இதைவிட நெருக்கமாக இருக்கும். பச்சைக் கலரில் டகாட்டா என்ற ஜப்பான் பெல்ட் கம்பெனியின் பெயர் போட்டு வரும் போலிகள் உலகம் பூராவும் பிரசித்தம், இதுவும் அதன் தம்பிதான்.

அடுத்தது தோள் பட்டையின் கோணம். பின் சீட் போல்ட் தரையோடு இருக்கிறது, அதனால் தோளிலிருந்து பட்டை ரொம்பச் சரிவாகக் கீழே இறங்குகிறது. மோதும்போது அது தோளைப் பின்னால் பிடிக்காமல் கீழே அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். ரேஸ் விதியில் தோள் பட்டை கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் சரியக்கூடாது, 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்று இருக்கிறது. அப்படி வேண்டுமென்றால் சீட்டுக்குப் பின்னால் தோள் உயரத்தில் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் வேண்டும். தகரத்தில் ஓட்டை போட்டு வாஷர் வைத்து முடுக்கிவிடுகிற வேலையும் இல்லை, பாடியில் புதிதாகப் போல்ட் போட்டால் 3 மில்லிமீட்டர் கனத்தில், குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் இரும்புத் தகடு பின்னால் கொடுக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போல்ட் வந்துவிடும்.

"சரி அங்கிள், குழாயும் போட்டுடலாம்" என்றான் கூட வந்தவன். போடலாம்தான். ஆனால் கார் உருண்டால் என்ன ஆகும்? சாதா பெல்ட் போட்டவன், கூரை அமுங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளக் கொஞ்சம் இடம் உண்டு. ஹார்னஸ் போட்டவன் நட்ட கம்பம் மாதிரி நிமிர்ந்தே இருப்பான், கூரை நேரே தலையில் இறங்கும். ஆகவே கூரையைத் தாங்க இரும்புக் குழாய்க் கூண்டு, அதாவது ரோல் கேஜ் வேண்டும். கேஜ் போட்டால் தலைக்குப் பக்கத்திலேயே இரும்புக் குழாய் வந்துவிடும், சாதாரண இடியிலேயே தலை அதில் மோதும், ஆகவே ஹெல்மெட் வேண்டும். ஹெல்மெட் போட்டால் கழுத்து சுமக்கிற எடை கூடும், ஆகவே கழுத்துக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும். முதலியார்பேட்டையிலிருந்து காலேஜுக்குப் போக இத்தனையும் மாட்டிக்கொள்வானா? மாட்டிக்கொள்ளமாட்டான். அந்தச் சிவப்புப் பட்டையை மட்டும் மாட்டிக்கொள்வான்.

கழுத்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு உண்மையான பயம். நம் தலை சுமார் 5 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஏதோ ஒன்றில் மோதி, முன்பக்கம் இரண்டடி நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள், சராசரிக் கணக்கிலேயே புவியீர்ப்பைப் போல 16 மடங்கு வரும். அந்த நேரம் தலை 80 கிலோ எடையாகி முன்னால் இழுக்கும். சாதா பெல்ட்டில் மார்பும் தலையோடு சேர்ந்து முன்னே போகிறது, ஏர்பேக் எதிரே வந்து ஏந்திக்கொள்கிறது. ஹார்னஸில் மார்பு அசையாது, தலை மட்டும் பறக்கும், அத்தனையையும் கழுத்துதான் தாங்க வேண்டும். 2001 பிப்ரவரியில் டேட்டோனா ரேஸின் கடைசிச் சுற்றில் அமெரிக்க ரேஸ் டிரைவர் டேல் எர்ன்ஹார்ட் செத்தது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துதான், இத்தனைக்கும் அவர் பட்டை கட்டியிருந்தவர். கழுத்தைப் பிடிக்கும் ஹேன்ஸ் என்கிற கருவியை ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் அவருடைய மச்சினன் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே செய்துவிட்டார்கள், ஆனால் பெரும்பாலான ரேஸ் டிரைவர்கள் இடைஞ்சல் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். எர்ன்ஹார்ட் போன அதே வருடம் அவர் ஓட்டிய நாஸ்கார் என்ற அமெரிக்க ரேஸ் தொடரில் கழுத்துப் பிடிமானம் கட்டாயமானது, ஃபார்முலா ஒன்னில் 2003இல் ஹேன்ஸ் கட்டாயம். தொழில்முறை ரேஸ்காரனுக்கே ஹார்னஸ் மட்டும் போதாது என்றால் உன் பையனுக்கு எப்படிப் போதும்?

காரோடு வரும் கம்பெனி பெல்ட் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். மூன்று பாயிண்ட் பெல்ட்டை 1959இல் வோல்வோவுக்காகச் செய்த நில்ஸ் போலின், அதற்கு முன் சாப் கம்பெனியில் போர் விமானத்துக்கு எஜெக்‌ஷன் சீட் செய்தவர். விமானிகள் கட்டும் பட்டை அவருக்குத் தெரியாததா? ரோட்டில் ஓட்டுகிறவன் ஒரே கையால் ஒரு நொடியில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் இப்படிச் செய்தார். இப்போது வரும் கார்களில் மோதின உடனே சின்ன வெடிமருந்து வெடித்து பெல்ட்டைச் சுருட்டி உன்னை சீட்டோடு இழுக்கும், அதன் பிறகு விசை அளவு மீறினால் பட்டையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விலா எலும்பைக் காப்பாற்றும். ஏர்பேக் எப்போது, எவ்வளவு தூரத்தில் விரிய வேண்டும் என்று கணக்குப் போட்டதே இந்த பெல்ட் போட்டவனை வைத்துத்தான்.

இந்த வேலையெல்லாம் செய்கிற, பில்லருக்குள் ஒளிந்திருக்கிற அந்தச் சின்னச் சுருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புயலுக்குப் பிறகு கடலூர் பக்கமிருந்து தென்பெண்ணைத் தண்ணீரில் நின்ற கார்கள் சீட் மாற்ற வந்தன. பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால் பாதியில் பழுப்பு நிறத்தில் சேற்றுக் கோடு, விட்டால் உள்ளே போகாமல் மடியிலேயே கிடக்கும். சீட் கவருக்கு 8,000, 10,000 ரூபாய் யோசிக்காமல் கொடுக்கிறவர்கள், பெல்ட் சுருளை மாற்றச் சொன்னால் "அது கிடக்கட்டும், கழுவித் துடைச்சு விடுங்க" என்கிறார்கள். சீட்டிலேயே ஏர்பேக் வருகிற கார்களுக்கு நான் ஓரத் தையலை மெல்லிய நூலில் போடுவதைப் பார்த்து, "என்னப்பா இது, நூலில் கஞ்சத்தனமா" என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு. ஏர்பேக் அந்த வழியாகத்தான் கிழித்துக்கொண்டு வர வேண்டும் என்று விளக்கினாலும் முகம் தெளியவில்லை.

நம் கடலூர் ரோட்டையும் நீ மறந்திருக்க மாட்டாய். மரப்பாலம் சிக்னல் தாண்டி அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று எந்த இடத்தில் எவன் எதிர்த் திசையில் பைக்கில் வருவான் என்று சொல்ல முடியாது. வாரக் கடைசியில் கேட்கவே வேண்டாம், பாதிப்பேர் வண்டியை ஓட்டுகிறார்களா வண்டி அவர்களை ஓட்டுகிறதா என்றே தெரியாது. இங்கே ஒவ்வொரு சந்திலும் முன்னால் எட்டிப் பார்த்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஹார்னஸைச் சரியாக இறுக்கினால் எட்டவே முடியாது, கியர் பக்கத்திலிருக்கும் போனைக்கூட எடுக்க முடியாது (அது நல்லதுதான் என்று உன் தங்கச்சி பக்கத்திலிருந்து சொல்கிறாள்). அதனால் என்ன செய்வார்கள்? தளர்த்தி விட்டுக்கொள்வார்கள். தளர்ந்த ஹார்னஸ் சாதா பெல்ட்டைவிட மோசம், அதற்குச் சுருட்டி இழுக்கும் வேலை தெரியாது. விபத்தில் ஓடிவந்து தூக்குகிறவர்களுக்கும் சிவப்பு பட்டனை அழுத்தத் தெரியும், இந்தத் திருகு பக்கிளைக் கண்டால் கையைப் பிசைவார்கள்.

இன்னொன்று, பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் கட்டாயம். ஹார்னஸ் போடுகிறவர்கள் அந்தச் சத்தத்தை நிறுத்த, சாதா பெல்ட்டின் பக்கிளில் பட்டை இல்லாத ஒரு டம்மி நாக்கைச் செருகிவிடுவார்கள். அதை ஆன்லைனில் விற்கக்கூடாது என்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஐந்து கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது, ஆனாலும் என் கடையில் வந்து கேட்பது நிற்கவில்லை. வண்டியை நண்பன் ஒருநாள் வாங்கி ஓட்டினால் அவன் எந்த பெல்ட்டும் போடமாட்டான், காரும் கத்தாது. பெல்ட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம், அதையாவது கட்டிவிடலாம். சீட்டையும் பெல்ட்டையும் மாற்றியது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் சட்டவிரோத மாற்றம் என்று இன்சூரன்ஸ்காரன் கிளப்பினால் அலையப் போவது நீதான், வண்டி உன் பேரில்தானே இருக்கிறது.

வேகம்தான் அவனுக்கு ஆசை என்றால் தடுக்காதே. சென்னைப் பக்கம் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பாண்டியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள்தான், அங்கே முறையாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். கேஜ், பக்கெட் சீட், ஆறு பாயிண்ட் பட்டை, ஹேன்ஸ், ஹெல்மெட் எல்லாம் ஒன்றாக இருக்கிற காரில் உட்கார்ந்து பார்க்கட்டும், எவ்வளவு இறுக்குவார்கள் என்று தெரிந்தால் அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பே வராது. அதுவரைக்கும் இருக்கிற பெல்ட்டையே ஒழுங்காகப் போடச் சொல். அவன் சீட்டைப் படுக்கை மாதிரி சாய்த்து வைத்து ஓட்டுகிறான், தோளுக்கும் பட்டைக்கும் நடுவே என் கை போகிறது. அதை நிமிர்த்தி, பக்கத் தூணில் பட்டையின் உயரத்தை ஒரு படி இறக்கிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

ஹார்னஸ் பாக்கெட் என் கடையிலேயே இருக்கிறது, பில்லும் உள்ளேதான். திருப்பி அனுப்ப இந்த மாதக் கடைசி வரைக்கும் டைம் இருக்கிறதாம். கோபத்தில் அவன் என் போனை எடுப்பதில்லை, நீயே பேசி அந்த ஆர்டர் ஓடிபியை எனக்கு அனுப்பச் சொல், கூரியர் பையனை இங்கேயே வரச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

உன்
முதலியார்பேட்டைக்காரன்