டிராப் பயிற்சிக்கு ஒரு குறிப்பேடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், எந்திரம் வீசும் களிமண் தட்டுகளைப் பறக்கும்போதே சுட்டு உடைக்கும் டிராப் போட்டியின் ஆண்கள் குழுப் பிரிவில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகிய மூவரும் தங்கம் வென்றார்கள். பறந்த 375 தட்டுகளில் அவர்கள் தவறவிட்டவை 14 மட்டுமே. பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோர் பலரும் அந்த வெற்றியைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்தத் தரத்தை எட்டும் வழி குறித்துப் பேசும்போது, நாளொன்றுக்கு எத்தனை தோட்டா சுட வேண்டும் என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்.

தோட்டாவின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எவ்வளவு பாரம் என்பதை அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 25 தட்டுகள் கொண்ட சுற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு, கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. ஒலிம்பிக் டிராப்பில் ஐந்து நிலைகள் உண்டு. வீரர் நின்று சுடும் ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் பள்ளத்துக்குள் தட்டுகளை வீசும் மூன்று எந்திரங்கள் இருக்கின்றன. சுற்று முடிவதற்குள் ஒரு வீரருக்கு இடப்புறம் 10, வலப்புறம் 10, நடுவில் 5 எனத் தட்டுகள் வந்து சேரும். ஆகவே 25க்கு 19 எடுத்த சிறுவன், விட்ட ஆறும் எவை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். அவற்றில் ஐந்து வலப்புறம் பறந்தவை என்றால், அவன் அடுத்த வாரம் முழுவதும் வேலை செய்ய வேண்டிய இடம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்கள் சுடலாம். இரண்டாவதில் உடைந்தாலும் முழுப் புள்ளி கிடைக்கும். பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றிலோ தட்டுக்கு ஒரே தோட்டாதான். முதல் தோட்டாவில் உடைந்தவை எத்தனை என்று தனியாகக் குறிக்காத வீரர், தன் உண்மையான நிலையை அறியாமலேயே மாநிலப் போட்டி வரை போய்விடுகிறார். ஒரு தோட்டாவுக்குள் 24 கிராம் சிறு ஈயக் குண்டுகள், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் விரையும் 110 மில்லிமீட்டர் தட்டு, முடிவெடுக்க ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் என்ற கணக்கில், இரண்டாவது தோட்டாவை நம்பிப் பழகிய கை முதல் தோட்டாவில் அவசரப்படுவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

தவறு எப்படி நேர்ந்தது என்பதையும் அந்தக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தட்டு உடைந்ததா என்று பார்க்கும் ஆவலில் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையைவிட்டு எழுந்தால், கண்ணோடு குறியும் உயர்ந்து குண்டுகள் தட்டுக்கு மேலே போய்விடும். விசையை அழுத்தும் கணத்தில் துப்பாக்கியின் ஓட்டம் நின்றால் அவை தட்டுக்குப் பின்னால் போகும். தட்டைப் பார்க்காமல், குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு மணியைப் பார்த்துக் குறிவைக்கும் பழக்கம் ரைபிளிலிருந்து வருபவர்களிடம் அதிகம். தட்டின் மீதே பார்வை நிலைத்த பிறகுதான் அவர்களுக்கு முன்னேற்றமே தொடங்குகிறது. வலது தோளில் சுடும் பிள்ளைக்கு எது ஆதிக்கக் கண், அதாவது குறிபார்க்கும்போது எந்தக் கண் முந்தி நிற்கிறது என்று முதல் நாளே சோதித்துவிடுவது நல்லது. தூரத்துக் கம்பத்தை நோக்கி, இரு கண்களும் திறந்தபடி விரலை நீட்டி, பிறகு இடக்கண்ணை மட்டும் மூடினால் விரல் கம்பத்தைவிட்டு விலகுகிறதா என்று பார்த்தால் போதும். விலகினால் ஆதிக்கம் இடக்கண்ணுக்கு. புதிதாகத் தொடங்கும் பிள்ளையாக இருந்தால் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிவிடலாம்.

ஒரு தட்டின் மதிப்பு என்ன என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாரிஸில், பறக்கும் தட்டுகளைச் சுடும் இன்னொரு பிரிவான ஸ்கீட்டில், ஆணும் பெண்ணும் இணையும் கலப்புக் குழுவுக்கான வெண்கலப் போட்டியில் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நரூக்காவும் சீன இணையிடம் 43–44 என்ற கணக்கில் தோற்றார்கள்.

ஆகவே சுடுதளங்களை நடத்தும் சங்கங்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வாரத்தில் சில மணி நேரமாவது எந்திரத்தை ஒரே கோணத்தில் நிறுத்தி, வீரருக்கு வராத தட்டை மட்டும் திரும்பத் திரும்பச் சுட அனுமதியுங்கள். இப்போது பல இடங்களில் முழுச் சுற்றுக்குப் பணம் கட்டினால்தான் களத்தில் நிற்க முடிகிறது. மதிப்பெண் தாளிலும் நிலை, திசை, முதல் தோட்டாவா இரண்டாவதா என்பவற்றுக்குக் கட்டங்கள் சேர்த்துத் தாருங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. அடுத்த பயிற்சி நாளிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.