அண்ணா, சேஸிஸை வெட்டப்போகிறேன்

அன்புள்ள அண்ணா,

நம் எஸ்-10 பிக்அப் வண்டி விஷயத்தில் முடிவெடுத்துவிட்டேன். விற்கவில்லை. வியாழக்கிழமை சி-நாட்ச் போடுகிறோம், அதாவது ஆக்ஸில் இடிக்காமல் ஏறி இறங்க சேஸிஸை அரைவட்டமாக வெட்டப்போகிறோம். உன்னைக் கேட்காததற்கு மன்னித்துக்கொள். கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

பின்பக்கத் தொட்டியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்த அந்த ராத்திரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. முன்பக்கம், சக்கரம் மாட்டும் அச்சை மேலே தள்ளி வண்டியைத் தாழ்த்தும் டிராப் ஸ்பிண்டில் போட்டு இறக்கியாயிற்று. பின்னால் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைத்து இறக்கியதில், சின்னப் பள்ளம் வந்தாலும் ஆக்ஸில் சேஸிஸில் போய் டங்கென்று இடிக்கும். ஆக்ஸிலுக்கு நேர் மேலே சாக்பீஸால் அரைவட்டம் போட்டாய். டேப் வைத்து அளந்தாய், அழித்தாய், மறுபடி போட்டாய். கிரைண்டர் ஓடியது. நான் டார்ச் பிடித்து நின்றேன். சட்டென்று அணைத்துவிட்டு, "வெட்டினா வெட்டினதுதான்டா" என்றாய்.

வெட்டிய இடத்தில் வளைத்த தடித்த தகட்டை வைத்து வெல்டு அடிக்கத்தானே போகிறோம்? எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான்!

அப்புறம் போலீஸ் பிடிக்கும் என்றாய். ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது 1958-ல். மறு வருஷமே ரான் அகிர்ரே என்ற கார் பிரியர் தன் கார்வெட் காரில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்ஸ் மாட்டி, வேண்டும்போது தூக்கவும் இறக்கவும் வழி பண்ணிவிட்டார். நமக்கும் வண்டியைத் தூக்கும் பம்ப், இறக்கும் டம்ப் வால்வு எல்லாம் ஷெல்ஃபில் கிடந்தன. 2024 ஜனவரியோடு அந்தச் சட்டமும் போயிற்று, தெருவில் மெல்ல ஓட்டிச் சுற்றும் குரூஸிங்குக்கு ஊருக்கு ஊர் இருந்த தடையும் போயிற்று. இனி என்ன சாக்கு சொல்வாய்?

நீ கிளம்பிப் போன காரணத்தை இங்கே எழுத மாட்டேன். இதை அத்தை படிப்பார், அத்தை வழியாக அம்மாவுக்கும் போகும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பிரித்துப்போட்ட வண்டியை மழைக்கு முன் பூட்டியவன் நான். ஒரு போன் பண்ணிக் கேட்டாயா?

சரி, விடு. பெட்ரோல் டேங்க்கை இறக்கியாயிற்று. பிரேக் லைனை ஒதுக்கிக் கட்டிவிட்டேன். பாட்டரி ஒயரையும் கழற்றிவிடுவேன், பயப்படாதே. உன் கோடு மங்கிப்போயிருந்தது. அளந்து பார்த்தேன், நூல் பிசகவில்லை. அதன் மேலேயே மார்க்கரால் போட்டிருக்கிறேன்.

ஹைட்ராலிக்ஸை இயக்கும் சுவிட்ச் பாக்ஸ் உன்னிடம்தான் இருக்கிறது. வண்டியே இல்லாமல் அதை வைத்து என்ன செய்கிறாய்? அனுப்பிவை. நேரில் கொண்டுவருவதென்றால் வியாழன் கழித்து வா. முன்னாடியே வந்தால் மறுபடியும் கிரைண்டரை அணைத்துவிடுவாய்.

உன் தம்பி