எந்த டிவிஷன் மாரியம்மன் என்று அட்டையில் போடுங்கள்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டக் கோயில் நிர்வாகத்தாருக்கும், அங்கே கல்யாணம் வைக்கிற வீட்டாருக்கும்,

வணக்கம். நான் மலேசியாவின் வடக்கே, கெடாவில் இருக்கும் சுங்கைப்பட்டாணிக்காரன். போன மாதம் உங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் நடந்த கல்யாணத்துக்கு மாமா, அத்தை (என் மாமனார், மாமியார்), மனைவி, மைத்துனன், இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெண் என் மனைவிக்கு அத்தை மகள், அதாவது என் மாமனார்தான் தாய்மாமன். மாலை, பட்டு, சீர்த்தட்டு எல்லாம் எங்கள் வேனில்தான் இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. நள்ளிரவு 1 மணிக்குக் கிளம்பினோம், தாப்பா ஓய்விடத்தில் அத்தை கட்டிவந்த புளிச்சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். ஏர்கோண்டைப் போட்டால் அத்தைக்குக் கால் குளிரும், நிறுத்தினால் மாமாவுக்கு வேர்க்கும், வேன் முழுக்கக் கோடாலித் தைல வாசம். சரி, மாப்பிள்ளையாகப் பிறந்தவனுக்கு இது புதிதா?

சிக்கல் ரவாங்கில் இறங்கிய பிறகுதான். 1982-இலேயே பெயர் மாற்றிய தெலுக் இந்தான் மாமாவுக்கு இன்னும் தெலுக் ஆன்சன். உங்கள் ஊரும் அப்படித்தான், அவருக்கு அது பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று பார்த்ததும் "தப்பா வந்துட்டோம் மாப்பிள்ளை, வேனைத் திருப்புங்க" என்றார். 2007-இல் பெயரை மாற்றிவிட்டார்கள் மாமா என்றேன். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டார். பழைய பெயரின் மலாய்ப் பொருளை விளக்க வாயெடுத்தேன், பின்சீட்டில் அத்தை இருந்ததால் விட்டுவிட்டேன்.

கல்யாண அட்டையில் இருந்தது தோட்டத்தின் பெயரும் 'ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்' என்பதும் மட்டுமே. கைப்பேசி வரைபடம் எங்களைத் தோட்ட ஆபீஸ் கேட்டில் கொண்டுபோய் விட்டது. பூட்டிய கேட். நேபாளக் காவல்காரரிடம் கோயில் எங்கே என்றால் நாலு பக்கமும் கையைக் காட்டினார். அவர்மேல் தப்பில்லை, உண்மையிலேயே டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், ஒரு மாரியம்மன் இருக்கிறாள்! கித்தாக் காடாக (ரப்பர் காடாக) இருந்த காலத்தில் நிரையைப் பார்த்தே இடம் சொல்வேன் என்கிறார் மாமா. இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை), ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்த வழி மாதிரியே இருக்கிறது. போன் போட்டால் "பழைய ஆயாக்கொட்டகைகிட்ட வளைங்க" என்று ஒருவர் சொல்கிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கொட்டகையை இடித்து இருபது வருடமாம். இல்லாத கொட்டகையில் எப்படி வளைவது என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கடைசியில் தோரணம் கட்டிய ஒரு கோயில் தெரிந்தது. சீர்த்தட்டோடு இறங்கி, சந்தனம் பூசி, மாமா உட்கார்ந்து காப்பியும் குடித்த பிறகுதான் அது காதுகுத்து வீடு என்று தெரிந்தது. நல்ல மனிதர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். அவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழிகாட்டினான்.

நல்ல நேரம் 7:30 முதல் 9:00 வரை. தாய்மாமனுக்காக அதை நிறுத்தி வைக்க முடியுமா? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் முறை செய்து முடித்திருந்தார். "இப்பதான் வர்றியாண்ணே" என்று பெண்ணின் அம்மா கேட்டதற்கு மாமா பதில் சொல்லவில்லை. திரும்பும்போது ஈப்போ தாண்டும்வரை அவர் வாயே திறக்கவில்லை, ஏர்கோண்டைப் பற்றிக்கூட.

நிர்வாகத்தாரே, மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் பணம் வாங்கும்போதே ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்கள்: எந்த டிவிஷன், பெரிய சாலையிலிருந்து எத்தனையாவது சிம்பாங் (சாலை பிரியும் இடம்), வரைபடத்தில் கோயில் இருக்கும் சரியான இடம். அதை அப்படியே அட்டையில் அடிக்கட்டும். சிம்பாங்கில் ஒரு பலகையும் நட்டுவிடுங்கள். கல்யாண வீட்டாரே, மாமன் மச்சான் பெயர் முப்பது போட இடமிருக்கிற அட்டையில் இதற்கும் இரண்டு வரி இருக்கும். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் ஒரு பையனை மோட்டாரோடு சிம்பாங்கில் நிறுத்துங்கள், எண்ணெய்க் காசு நான் தருகிறேன்.

ஆவணியில் அதே மாப்பிள்ளையின் தங்கைக்கும் அங்கேயே கல்யாணமாம். அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி.

இப்படிக்கு,
வேன் ஓட்டிய மாப்பிள்ளை